சுழி வாங்கிய இரண்டாமவன்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். அவரவர் மாவட்டத்தில் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எத்தனை, படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லவேண்டும். பலர் அட்டவணையை நிரப்பியதோடு கைகழுவிவிட்டார்கள். பெல்லாரிக் கலெக்டர் கேம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையோ பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறது. காலையில் முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரசுவதி பெயரை எழுதுவார்களாம், அது மரியாதை. இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லென்று ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். கேம்ப்பெல் இதைத் தண்டனைப் பட்டியலுக்கு முன்னுரையாகத்தான் எழுதினார். அவர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்றால் பிரம்பும் மனப்பாடமும்தான் என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சுழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் முதல்வனை விட்டுவிட்டு இரண்டாமவனிலிருந்தே தொடங்கியிருக்கலாம். நடுவே ஒருவன் கையில் பூச்சியம் போட்டு அனுப்புவதற்கு விளையாட்டுப் புத்தி வேண்டும். பத்து முப்பது பிள்ளைகளை ஒரே ஆள் ஒரு திண்ணையில் கட்டியாண்டது அந்தப் புத்தியால்தான், பிரம்பு அதற்குத் துணை மட்டுமே என்பது என் வாதம்.

உடன்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெல்லாரி எங்கே, நெல்லைச் சீமையில் தேரிக்காட்டு ஓரத்து உடன்குடி எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த வழக்கம் ஒரு மாவட்டத்துச் சொத்து அல்ல. 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில், காவிரிப் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைவுகூரும்போது இதே போட்டியைச் சொல்கிறார். முதலில் வருகிறவனுக்கு அங்கே ‘வேத்தான்’ என்று பட்டம். மொழி தெலுங்கானாலும் கன்னடமானாலும் தமிழானாலும் திண்ணைப் பள்ளியின் சட்டதிட்டம் மாகாணம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். விரலால் மணலில் எழுத்து, அப்புறம் ஓலையில் எழுத்து, எண்சுவடி, நிகண்டு, அமாவாசை பௌர்ணமிக்கு வாவு விடுமுறை, பெரிய பையன்களில் ஒருவன் சட்டாம்பிள்ளை. மன்றோ 1826-இல் தொகுத்துச் சொன்ன கணக்குப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சராசரி பார்த்தால் ஒரு பள்ளிக்குப் பதினைந்து பேருக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து பேரும் ஒரே வயசுக்காரர்கள் அல்ல. ஐந்து வயசுப் பொடியன் ‘அ’ எழுதிக்கொண்டிருப்பான். பக்கத்தில் பதிமூன்று வயசுக்காரன் குழிமாற்று வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பான். வருகைப் பதிவேடு இல்லை, மணிக்கூண்டு இல்லை, கரும்பலகை இல்லை. இந்த நிலைமையில் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் விடை தேடவேண்டிய கேள்வி.

வேத்தான் வழக்கம் செய்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். கடிகாரம் இல்லாத ஊரில் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பியது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை எழுதிவைக்காமலே எல்லோருக்கும் நினைவில் இருக்கும்படி செய்தது. ‘எனக்கு முன்னால் எத்தனை பேர்?’ என்று எண்ணிப் பார்த்து அதில் ஒன்றைக் கழிக்கிற கணக்கைக் கடைக்குட்டிக்கும் பழக்கியது. எல்லாவற்றையும்விட, ஆசிரியரின் கோபதாபத்தை அது ஒதுக்கிவைத்தது. இன்றைக்கு அண்ணாவிக்கு வீட்டில் சண்டையோ, கைக்கு வரவேண்டிய நெல் வரவில்லையோ, அதற்கும் பையனின் கையில் விழுவதற்கும் சம்பந்தமில்லை. அவன் வந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. நேற்றைய வேத்தான் இன்றைக்கு ஏழாவது ஆளாக வந்தால் அவனும் கை நீட்டவேண்டியதுதான், ஊரார் சிரிக்கவேண்டியதுதான். பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் சலுகை கிடையாது என்பது விதி. சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்து விதியை வளைத்தவர்கள் இருந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. கையூட்டு கொடுத்து வளைக்கிற அளவுக்கு அந்த விதி நிஜமாக இருந்தது என்று நான் அதை வாசிக்கிறேன்.

காலைக்கு ஒன்று என்றால் சாயங்காலத்துக்கு இன்னொன்று. வீட்டுக்குப் போகும் நேரம் ஆசிரியர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அவன் அதை மறக்காமல் சொல்லவேண்டும். நினைவுப் பயிற்சி என்று இதற்கு இன்று பெயர் வைக்கலாம். எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறு. பள்ளிக்கூடம் கலைகிற நேரம்தான் எந்த வகுப்பிலும் கட்டு அவிழ்கிற நேரம். அந்த நேரத்தில் ஒவ்வொருவனும் தன் முறை வரும்வரை வாயை மூடிக் காத்திருக்க ஒரு காரணத்தை அந்த ஆசிரியர் உண்டாக்கிவிட்டார். ஒருவனுக்குத் தாழம்பூ, அடுத்தவனுக்கு எருக்கம்பூ என்று வந்தால் திண்ணை கொல்லென்று சிரித்திருக்காதா? ஆனால் அந்தச் சிரிப்பு யாரையும் குத்துவதில்லை. எருக்கம்பூ நாளைக்கு வேறொருவனுக்குப் போய்விடும். பையன் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவான். புதிய சுவடி தொடங்குகிறவன் வீட்டிலிருந்து எல்லாருக்கும் பொரி கடலை வரும் வழக்கமும் இதே வகைதான். ஒருவன் மேலே போனால் மற்றவர்கள் வாய்க்கும் ஏதோ கிடைக்கிறது. பொறாமைக்கு அங்கே வேலை குறைவு.

பாடத்துக்குள்ளும் இந்தக் குறும்பு புகுந்திருந்தது. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கச் சொல்லித்தருகிற கனமான நூல். அதன் நடுவே, பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல ஒரு வழி வருகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. எந்தப் பலா இந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைக் கேட்ட பையன் பழத்தை அறுத்துப் பார்க்காமல் தூங்குவானா? வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழகம் வந்த தொடக்க காலத்தில் கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த அந்த இத்தாலியப் பாதிரியார், பேச்சுத் தமிழ் படிப்பவர்களுக்காக எழுதிய கதை அது. 1822-இல் லண்டனில் அச்சானது. தன்னையே எண்ண மறந்துவிட்டு, ஓர் ஆள் குறைகிறது என்று ஆற்றங்கரையில் அழுகிற குருவும் சீடர்களும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். பாடம் நடத்துகிறவரையே கேலிக்குரியவராக்கும் கதையைப் பாடமாக வைப்பதற்குத் தன்னம்பிக்கை வேண்டும். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் மிஷன் பள்ளிக்குத் தலைமையேற்ற வேதநாயக சாஸ்திரியாரிடம் அது இருந்தது. 1800-இல் அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’, சிங்கனும் சிங்கியும் வம்பளக்கிற நாட்டு நாடக வடிவத்துக்குள் கொப்பர்னிக்கஸின் வானியலையும் பூகோளத்தையும் கொண்டுவந்து வைத்தது.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும் இதுதான்: என்ன விளையாட்டு என்றாலும் அடி அடிதானே? முப்பது பேர் வருகிற பள்ளியில் கடைசியாக வருகிறவனுக்குக் கேம்ப்பெல் கணக்குப்படி இருபத்தெட்டு அடி. அவர் அடுத்துச் சொல்கிற தண்டனைகள் இன்னும் கொடியவை. கைகளைக் கட்டி உத்தரத்தில் கப்பி போட்டுத் தொங்கவிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பள்ளிகளில் அதற்குக் கோதண்டம் என்று பெயர். ஓடிப்போகிற பையனின் காலில் கட்டை பிணைப்பதும் உண்டு. இதில் எதையும் நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் கோதண்டமும் வேத்தான் வரிசையும் ஒரே பள்ளியில் இருந்ததால் இரண்டும் ஒரே வகை என்று ஆகிவிடாது. கோதண்டம் ஒரு பையனைப் பிடித்து மற்றவர்களுக்குப் பயம் காட்டுவது. வேத்தான் எல்லோரும் ஆடுகிற ஆட்டம். முதல்வனுக்கு நாமகள் பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஒரு தாழம்பூ என்று வைத்திருந்தாலும் அந்த ஆட்டம் நின்றிருக்கும். பிரம்பை எடுத்துவிட்டாலும் அதன் எலும்புக்கூடு கலையாது. கோதண்டத்திலிருந்து கயிற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனையில் தோப்புக்கரணம் வேடிக்கையான இடத்தில் நிற்கிறது. விழுங்கிய சக்கரத்தைத் தராமல் அடம்பிடித்த பிள்ளையாரைச் சிரிக்கவைக்க, திருமால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார், பிள்ளையார் சிரித்த சிரிப்பில் சக்கரம் வெளியே விழுந்தது என்பது அதற்குச் சொல்லப்படுகிற கதை. பெரியவர் ஒருவர் பிள்ளையைச் சிரிக்கவைக்கச் செய்த கோமாளித்தனத்தை, பிள்ளைகளை அழவைக்கிற தண்டனையாகத் திருப்பிவிட்டது பள்ளிக்கூடம்.

சிரிப்புக்கும் இரு முனை உண்டு என்பதற்கு ஆங்கில நாட்டிலும் சாட்சி இருக்கிறது. எழும்பூர் ராணுவ ஆண் அநாதை விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதையே தம் விடுதியில் புகுத்தினார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள்; ஆகவே எட்டு வயசு மாணவன் ஃப்ரிஸ்கனைக் கொண்டு மற்றப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். நம் சட்டாம்பிள்ளை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவினான், பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக ஆங்கில முத்திரையோடு ஊர் திரும்பினான். பெல்லுக்குப் போட்டியாக அதே முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், பிரம்பை வெறுத்தவர். அதற்குப் பதில் அவர் கண்டுபிடித்தது கேலி: தப்புச் செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, கூண்டுப் பறவை என்று எல்லாரையும் சிரிக்கவைத்தார். பிரம்பு இல்லை, சிரிப்பு உண்டு. ஆனால் நம் கோதண்டத்துக்கும் அந்தக் கூடைக்கும் தூரம் அதிகமில்லை. பெல் மணலையும் சட்டாம்பிள்ளையையும் கப்பலேற்றினார். வேத்தானும் சாயங்காலத்துப் பூவும் அவர் மூட்டையில் ஏறவில்லை. ஆள்சிக்கனம் கண்ணில் படுகிற சரக்கு, விளையாட்டு அப்படியல்ல.

இரண்டாவது எதிர்வாதம் உடன்குடிப் பக்கத்துக்கு நேராகவே பொருந்துகிறது. திண்ணைப் பள்ளி யாருக்குத் திறந்திருந்தது? பனையேறுகிற நாடார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிகளுக்கும் அந்தத் திண்ணை எட்டாத உயரம். பெண்பிள்ளைகளுக்கோ சொல்லவே வேண்டாம். அவர்கள் எழுத்தறிந்தது மிஷன் பள்ளிகள் வந்த பிறகுதான். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாயிற்று. 1816-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பாதிரியார் ஹஃப் பள்ளிகள் தொடங்கினார். 1820-இல் வந்த மிஷனரி ரேனியஸ் அவற்றைப் பெருக்கினார். உடன்குடிக்குப் பக்கத்து மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் போப் என்று சிவப்பு மணல் தேரியைச் சுற்றிலும் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஆகவே திண்ணைப் பள்ளிக்காக ஏங்குவது, உள்ளே விடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே வாய்க்கிற சொகுசு என்று யாராவது சொன்னால், அது முழுக்க உண்மை. ஆனால் அதன் மறுபக்கமும் உண்மை. இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த அதே காலத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இழந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றை இவர்கள் பெற்றதே இல்லை. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்புக்குத் தமிழ் மேல் இருந்த காதலை உலகமே அறியும். 1842-இல் சாயர்புரத்தில் அவர் தொடங்கிய பள்ளியின் மாணவர்கள் அறிந்தது அவருடைய கண்டிப்பை. கனிவு மொழியோடு நின்றது.

விளையாட்டை வெளியே தள்ளியது தனிமனிதரின் கடுமை அல்ல, காசு. 1860-களின் இறுதியில் சென்னை அரசு தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளையைத் தனித்தனியாக நிறுத்தி வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் வரும். எருக்கம்பூவுக்கு அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. சிரிக்கிற வகுப்பு அவர் கண்ணுக்கு ஒழுங்கில்லாத வகுப்பு. வருகையைப் பதிவேடு பார்த்துக்கொண்டது. நேரத்தை மணி பார்த்துக்கொண்டது. வேத்தானுக்கு வேலை போயிற்று. பிரம்பு மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது படிவத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. திண்ணைப் பள்ளி விட்டுச்சென்ற சொத்தில் பாதியைத்தான் புதிய பள்ளி வாங்கிக்கொண்டது, அதிலும் மோசமான பாதியை. உடன்குடிப் பக்கத்தில் இந்த மாற்றத்துக்குத் தனி விலை இருந்தது. பங்குனி தொடங்கிப் பதனீர்ப் பருவம் வந்துவிட்டால் குடும்பம் முழுக்கப் பனங்காட்டில் விடிலி என்ற குடிசைக்குப் போய்விடும். ஆண் மரமேறுவான், கலயத்துப் பதனீரைப் பெண்ணும் பிள்ளையும் அடுப்பில் ஏற்றிக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் பெயருக்குப் பின்னால் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பகல்கள் உண்டு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வளைந்துகொடுத்த பழைய நாட்காட்டிக்குப் பதிலாக வந்த புதிய நாட்காட்டி, பனைக்கு வளையவில்லை. பருவம் முடிந்து திரும்புகிற பையனை மறுபடி உள்ளே இழுக்க, பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த வரிசையான ‘ஆ’க்களால் முடியாது.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: நகைச்சுவை பிறவிக்குணம், சில வாத்தியார்களுக்கு வரும், சிலருக்கு வராது, அதை முறையாக்க முடியாது. நான் இதை ஏற்கவில்லை. வேத்தானுக்குக் கையெழுத்துப் போட்ட அண்ணாவி சிரிப்புக்காரராக இருந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் சிடுமூஞ்சிகளாகத்தான் இருந்திருப்பார்கள். வேடிக்கை அவர்களுடைய நாக்கில் இல்லை, வழக்கத்தில் இருந்தது. நாக்கில் இருக்கிற வேடிக்கைதான் ஆபத்து. நையாண்டிக்குப் பேர்போன நெல்லைச் சீமையில் வாத்தியார் போகிறபோக்கில் சூட்டுகிற பட்டப்பெயர், பையனுக்குப் பேரன் பிறந்த பிறகும் ஊரில் நிலைத்துவிடும். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட வயசில் இது இன்னும் ஆழமாகத் தைக்கும். அந்த வயசுக்காரனைத் திண்ணைப் பள்ளி என்ன செய்தது என்று பார்த்தால், அவனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்னவர்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிறுத்தியது. கூச்சமும் திமிரும் ஒன்றாக ஏறுகிற வயசில் ஒருவனுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை, அவன் லஞ்சம் வாங்கினான் என்றாலும்கூட.

இன்றைய சட்டம் பிரம்பின் ஆபத்தோடு கேலியின் ஆபத்தையும் கவனித்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. கோதண்டமும் கூடையும் அங்கே ஒரே வரியில் அடைபட்டுவிட்டன. ஆனால் தடுப்பது ஒன்று, அந்த இடத்தில் எதை வைப்பது என்பது வேறு. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், தொடக்கப்பள்ளியில் கற்றல் ஏணியையும் படச்சின்ன அட்டைகளையும் கொண்டுவந்தது; இன்ன பிள்ளை இன்ன படியில் நிற்கிறது என்பதை ஆசிரியரின் மனநிலை அல்ல, அட்டை சொன்னது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டையும் ஆட்டத்தையும் கீழ்வகுப்புகளுக்கு மறுபடி கொடுத்தது. நடுநிலை வகுப்புகளுக்கு என்று வந்த படைப்பாற்றல் கல்வியோ மனவரைபடம், குழு விவாதம், தொகுத்தல் என்று கண்ணியமான வேலைகளால் ஆனது. ஐந்தாம் வகுப்போடு விளையாட்டு முடிந்துவிடவேண்டும் என்று யாரும் ஆணை போடவில்லை. ஆனாலும் திட்டத்துக்குத் திட்டம் கோடு அங்கேயேதான் விழுகிறது. உடன்குடி வட்டாரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு எடுக்கிற ஆசிரியர், சாயங்கால மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாக நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பூவோ பறவையோ சொல்லி அனுப்ப நினைத்தால், அதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். நாற்பது பெயர்கள் தெரிந்திருக்கவேண்டும். தேரியில் நிற்கிற செடிகளையும் வந்து போகிற பறவைகளையும் எடுத்தாலே முதல் வாரத்துக்குப் போதும். அடுத்த வாரத்துக்குப் பெயர் தேடுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.